அறை கூட்டிய சத்தம்

மார்ச் 3

அரங்க நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். உனக்கு இப்படி எழுதத் தொடங்குவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. குழுவிலிருந்து வந்த கடிதத்தின் அடியில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த அரங்கத்தின் ஒலியமைப்புக்காக மூன்று வருடம் உழைத்திருக்கிறேன். கடைசியில் அதைப் பொறுப்பேற்று நடத்தப்போகிறவள் நீ என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பழைய நிர்வாகி ஓய்வு பெற்றுப் போய்விட்டாராமே. டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள் இவ்வளவு தூரம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டட வேலை முடிந்துவிட்டது. ஒலி சரியாக இருக்கிறது என்று நானே அளந்து அறிக்கையும் கொடுத்துவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது. வெளியாளை வைத்து இன்னொரு முறை அளக்கவேண்டும் என்று குழுவில் யாரோ மூக்கை நுழைப்பதாகக் கேள்விப்பட்டேன். அதெல்லாம் வீண் வேலை. இந்தத் தொழிலில் என் பெயர் என்ன என்று உனக்குத் தெரியும்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது, அவ்வளவு மெல்லிய குரல். அவளை நல்லபடியாக வளர்த்திருக்கிறேன் என்ற திருப்தி எனக்கு உண்டு. போன வாரம் உன்னைப் பார்க்க வராததற்குப் பரீட்சைதான் காரணம். நீயாக வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

நடந்து முடிந்ததை வேலையில் காட்டமாட்டாய் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

* * *

மார்ச் 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். கையெழுத்து வேண்டியிருந்தால்தான் எழுதுவீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை.

வெளியாளை வைத்து அளக்கவேண்டும் என்று மூக்கை நுழைத்தது நான்தான்.

டிக்கெட் கவுன்ட்டரை ஞாபகப்படுத்தினீர்களே, அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது நான் சேர்ந்து இரண்டாவது வருடம். எங்கள் பழைய அரங்கில் ஒலி சரியில்லை என்று அளப்பதற்கு ஒரு பெண் வந்திருந்தாள். மேடையில் நின்று பலூனை உடைத்தாள். சத்தம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று ஒரு பெட்டியைப் பார்த்து எழுதிக்கொண்டாள். பிறகு துணைக்கு ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இந்தப் பேப்பர்ல எதையாவது படிங்க. உங்க சாதாரணக் குரல் போதும்," என்றாள். படித்தேன். மேடைத் திரைகளை எல்லாம் இறக்கிவிட்டு, சத்தத்தை அளக்கும் மீட்டரையும் சுவர் மூலையிலிருந்து நகர்த்திவைத்து, மறுபடியும் அதையே படிக்கச் சொன்னாள். மீட்டரில் எண் எவ்வளவோ குறைந்திருந்தது.

"நான் ஒரே மாதிரிதானே படிச்சேன்?" என்று கேட்டேன்.

"நீங்க மாறலக்கா. ரூம்தான் மாறிடுச்சு. கண்ணாடி, டைல்ஸ், வெறுஞ்சுவர் எல்லாம் உங்க குரலைத் திருப்பித் திருப்பி அடிக்கும். மூலையில மீட்டர் வச்சா கேக்கவே வேணாம்," என்று அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

நான் போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைய காட்சிக்குக் கவுன்ட்டர் அரைமணி நேரம் தாமதமாகத் திறந்தது.

நம் வீட்டுச் சாப்பாட்டு அறையில் டைல்ஸ் போட்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சண்டை வரும்போதெல்லாம் நீங்கள் மீட்டரை அலமாரி மூலையில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பீர்கள். நான் பேசப் பேச, "எழுபத்தாறு. எழுபத்தொன்பது," என்று மெல்லச் சொல்வீர்கள். உங்கள் அக்கா வந்தால் என்னை 'லவுட்ஸ்பீக்கர்' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்; நீங்களும் சிரிப்பீர்கள். அந்தக் கடைசி மாதம் ஜன்னல் திரைகள் சலவைக்குப் போயின. தரைக் கம்பளத்தைத் தூசி என்று சுருட்டிப் பரணில் போட்டீர்கள். இரண்டும் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் உங்கள் வக்கீல் அந்த எண்களை வைத்துப் போட்ட வரைபடத்தை விரித்துக் காட்டியபோதும் உறைக்கவில்லை. "இந்தம்மா பேசறது லாரி ஹாரன் மாதிரி இருக்கே," என்று நீதிபதி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையை உங்களோடு அனுப்பினார்கள்.

அளக்க வந்த பெண் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. உங்களுக்கு எப்போதுமே விளங்கியிருந்தது. அதுதானே உங்கள் தொழில்.

ஆகவே அளப்போம். இருபதாம் தேதிக்கு ஆட்கள் வருகிறார்கள். நீங்கள் வரத் தேவையில்லை.

நிர்வாகி

* * *

ஏப்ரல் 2

நிர்வாகிக்கு,

அறிக்கையைப் பார்த்தேன். உடனே எழுதுகிறேன். ஆத்திரத்தில்தான்.

இருக்கைகளின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அளந்திருக்கிறார்கள். பஞ்சு இருக்கையை பிளாஸ்டிக்கில் மூடினால் அது சத்தத்தை எப்படி உறிஞ்சும்? அரங்கில் ஓர் ஆள் இல்லை. பக்கத் திரைகளைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஏ.சி. முழு வேகத்தில் ஓடியிருக்கிறது. அளந்த இடங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பால்கனிக்கு அடியில், ஏ.சி. வாய்க்கு நேர் கீழே இரண்டு நாற்காலி. முன்வரிசையில் பின்சுவர் எதிரொலி வந்து விழும் ஓர் ஓரம். தொள்ளாயிரம் இருக்கையில் இந்த மூன்றுதான் கிடைத்தனவா? 'நிர்வாகி காட்டிய இடங்களில், இருந்த நிலையிலேயே அளக்கப்பட்டது' என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பொடி எழுத்தை உங்கள் குழுவில் ஒரு ஆள் படித்தானா?

'பேச்சு புரியவில்லை, அரங்கம் தேறாது' என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். பின்சுவரையும் கூரையையும் தடித்த பஞ்சால் மூடப்போகிறார்களாம். அதைச் செய்தால் அரங்கம் செத்துவிடும். அங்கே ஒருவர் மைக் இல்லாமல் பாடினால் கடைசி வரிசையில் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அந்த மரப்பலகைகள் ஒவ்வொன்றையும் நான் கைப்பட வளைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பெரிய நூலகக் கட்டடத்துக்கு என்னைக் கேட்டிருந்தவர்கள், இந்த அறிக்கை காதில் விழுந்ததும், 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கே மைக் வைக்கவேண்டும் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பாப்பாவின் அப்பா

* * *

ஏப்ரல் 5

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள்தான்.

அறிக்கையில் உள்ள ஒரு எண்ணாவது பொய்யா? சொல்லுங்கள், திருத்தச் சொல்கிறேன். இல்லை அல்லவா? மீட்டர் பொய் சொல்லாது என்று நீதிமன்றத்தில் கூண்டில் நின்று சொன்னவர் நீங்கள். நானும் அதையேதான் குழுவில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எண்ணைக் கண்டால் மனிதர்கள் எவ்வளவு பணிந்துபோகிறார்கள்!

அந்த மூன்று இடங்களையும் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சாயங்காலங்களில் வேலையாட்கள் போனபிறகு, ஒவ்வொரு வரிசையாக நடந்து கைதட்டிப் பார்த்தேன். உங்கள் அரங்கில் மோசமான இடம் தேடுவது சுலபமில்லை. அதற்காக உங்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தேடினால் எந்த அறையிலும் ஒரு மூலை கிடைக்கும்.

இப்போது என் நிபந்தனை. பஞ்சு ஒட்டுவதைப் பதினெட்டாம் தேதிக் கூட்டம்வரை நிறுத்திவைத்திருக்கிறேன். அதற்குள் நீங்கள் குழுவுக்கு, உங்கள் தொழில்முறைத் தாளில், கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதவேண்டும். மூலையில் வைத்து அளந்த எண்ணால் ஒரு குரலை எடைபோட முடியாது என்று அதில் இருக்கவேண்டும். திரையும் கம்பளமும் இல்லாத அறை தன் பங்குக்குச் சத்தத்தைக் கூட்டும் என்று இருக்கவேண்டும். கடைசியாக, இது தெரிந்தே ஒருவர் அப்படி அளந்து கொடுத்தால், எண்கள் சரியாக இருந்தாலும் அந்த அறிக்கை பொய் என்று இருக்கவேண்டும். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் எனக்கு வேண்டாம்.

என் பெயர் வரவேண்டாம். நம் வீடு வரவேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

கடிதம் வந்தால் அரங்கை முறையாக, ஆட்களை உட்காரவைத்து மறுபடி அளக்கச் சொல்கிறேன்.

நிர்வாகி

* * *

ஏப்ரல் 9

உனக்கு,

எழுதமாட்டேன்.

நீ செய்திருப்பது என்னவென்று குழுத் தலைவரிடம் நேரில் போய்ச் சொல்லத் தெரியாதவனா நான்? புறப்பட்டும் விட்டேன். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினேன். 'இப்படி அளந்தால் தப்பு என்று உங்களுக்கு எப்போதிருந்து தெரியும்?' என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. நீ அதையும் யோசித்துத்தான் வைத்திருப்பாய்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், நெஞ்சில் கைவைத்துச் சொல். நீ கத்தவே இல்லையா? எல்லாவற்றையும் டைல்ஸ்தான் செய்ததா? அன்றைக்கு நீ போட்ட சத்தத்தில் பாப்பா சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றாளே, அது எந்த மூலையில் வைத்த மீட்டர்? இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். என் கண்ணால் பார்த்தேன். ஒரு தகப்பன் வேறு என்ன செய்வான்? எனக்குத் தெரிந்த வழியில் அவளைக் காப்பாற்றினேன்.

உன் குரல் பெரியது. எப்போதும் பெரியது. அதை அறை கூட்டியிருக்கலாம். உண்டாக்கியது அறை இல்லை.

பாப்பாவின் அப்பா

* * *

ஏப்ரல் 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

கத்தினேன். ஏன் இல்லை என்று சொல்லவேண்டும்? பதிலே சொல்லாமல் எண்ணை மட்டும் படிக்கிற மனிதரோடு எட்டு வருடம் குடித்தனம் செய்தேன். யாராக இருந்தாலும் கத்துவார்கள்.

ஆனால் பாப்பா மேசைக்கு அடியில் போன நாளைச் சொன்னீர்களே, அதை முழுதாகச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் வரைபடத்தில் உச்சியில் நின்ற கோடு. எண்பத்து மூன்று. வக்கீல் விரலை வைத்துக் காட்டிய இடம்.

அதற்கு முதல் நாள் மத்தியானம் என் அண்ணன் நம் வீட்டுக்குப் போன் செய்தான். எடுத்தது நீங்கள். அம்மா போய்விட்டாள் என்று சொன்னான். அன்று இரவு நம் வீட்டுக்கு உங்கள் முதலாளியும் அவர் மனைவியும் சாப்பிட வருவதாக இருந்தது. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சமைத்தேன். சிரித்துச் சிரித்துப் பரிமாறினேன். முதலாளி அம்மா என் கையைப் பிடித்து, "உங்க வீட்டுக்கு வந்தா மனசு நெறைஞ்சு போவுது," என்றார். மறுநாள் காலையில் காபி குடித்து முடித்தபிறகு சொன்னீர்கள். "நேத்தே சொன்னா நீ சீன் போடுவே. அதான்." நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால்தான் கத்தினேன். வாய்விட்டு, உயிர்போகக் கத்தினேன். பிள்ளை பயந்தது உண்மை. அந்தப் பழி என்னுடையதுதான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கை மீட்டரைத் தேடிப் போனது பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெண்டாட்டி தாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாள், நீங்கள் அலமாரியைத் திறக்கிறீர்கள்.

நீதிபதிக்கு எண்பத்து மூன்று என்று தெரியும். எதற்கு எண்பத்து மூன்று என்று தெரியாது. நான் அன்று கூண்டில் சொல்ல வாயெடுத்தேன். சத்தம் வந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விழுங்கிவிட்டேன். குரலை உயர்த்தக்கூடாது என்று என் வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பதினெட்டாம் தேதி, காலை பத்து மணிக்குக் கூட்டம். பஞ்சு மூட்டைகள் வந்து பின்பக்க வராந்தாவில் இறங்கிவிட்டன.

நிர்வாகி

* * *

ஏப்ரல் 16

உனக்கு,

குழுவுக்கு அனுப்பியதன் நகல் இதோடு இருக்கிறது. நீ கேட்டபடியே எழுதியிருக்கிறேன்:

'ஓர் அறையில் ஒரே இடத்தில், குறிப்பாகச் சுவர் மூலையில், அளந்த சத்தத்தின் அளவை வைத்து அங்கே பேசியவரின் குரலையோ, அந்த அறையின் தரத்தையோ முடிவு செய்ய இயலாது. திரை, கம்பளம், மனிதர்கள் ஆகியவை இல்லாத அறை சத்தத்தைக் கூட்டிக் காட்டும். இதை அறிந்த ஒருவர் வேண்டுமென்றே அவ்வாறு அளந்து அறிக்கை தந்தால், எண்கள் சரியாக இருப்பினும், அந்த அறிக்கை பொய்யானது.'

கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். பாப்பா வந்து, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

உன் அம்மா விஷயம். அதைப்பற்றி எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

திருப்திதானே? இனி அரங்கத்தை விட்டுவிடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கேட்க எனக்கு முகம் இல்லை என்றாலும் கேட்கிறேன். இந்தத் தாளைப் பாப்பாவிடம் காட்டாதே. அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.

பாப்பாவின் அப்பா

* * *

மே 10

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் நானே படித்தேன். மைக் இல்லாமல், என் சொந்தக் குரலில். யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பஞ்சு மூட்டைகளைத் திருப்பி அனுப்பியாயிற்று.

போன சனிக்கிழமை மறுபடி அளந்தார்கள். உறைகளைப் பிரித்து, திரைகளை இறக்கி, பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளையும் ஊழியர் குடும்பங்களையும் உட்காரவைத்தோம். நாற்பது இடத்தில் அளந்தார்கள். நான் கடைசி வரிசையில், பால்கனிக்கு அடியில், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஏ.சி.யை முறையான வேகத்தில் வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு பையன் ஏதோ பாடத்தை வாசித்தான். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. எழுத மனசு ஒப்பவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்: நல்ல அரங்கம். தேறியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் பெயர் வாசல் கல்வெட்டில் இருக்கும். நூலகக்காரர்களுக்கும் புதிய அறிக்கையை அனுப்பிவிட்டேன். வேலையில் நான் பாக்கி வைப்பதில்லை.

பாப்பாவிடம் காட்டாதே என்று கேட்டிருந்தீர்கள். காட்டிவிட்டேன்.

என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவளை உட்காரவைத்து, உங்கள் தாளைக் கையில் கொடுத்தேன். படித்தாள். "இதுக்கென்ன?" என்றாள், வழக்கமான அந்தக் காற்றுக் குரலில். நான் திரைகளைப்பற்றி மட்டும் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பச்சைத் திரைக்குள் சுற்றிக்கொண்டு விளையாடுவாளாம். ஒரு நாள் அது இல்லை என்று அழுதிருக்கிறாள். 'சலவைக்குப் போயிருக்கு' என்று நீங்கள் சொன்னது வரை ஞாபகம். பிறகு பாட்டி போன நாளைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து நின்றாள்.

"பன்னெண்டு வருஷம் ஏன்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"நம்பியிருக்க மாட்டேன்! ஆனா நீ சொல்லியிருக்கணும்!"

கத்தினாள். உங்கள் பெண், வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத பெண், என் முகத்துக்கு நேரே நின்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். அரங்கத்தில் நான் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன். அதற்கும் கத்தினாள். "அவரு உனக்கு பண்ணதத்தானே நீ அவருக்கு பண்ணியிருக்கே? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அளந்துக்குங்க, நடுவுல நான் யாரு? மேசை நாற்காலியா?" எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் வந்து நின்றாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் உங்களிடம் நான் பொய் சொல்லமாட்டேன், அந்தக் குரலைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. என் குரல் அது. அதைப் பன்னிரண்டு வருடம் அடக்கி வைத்திருந்தீர்கள், இருந்தும் அது சாகவில்லை.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, கல்லூரி விடுதியில் இடம் கேட்கப்போவதாகச் சொன்னாள். என்னோடும் இருக்கமாட்டாள். எனக்கு வலிக்கத்தான் செய்தது. பிடித்து வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணிமணி எடுக்க உங்கள் வீட்டுக்கு வருகிறாள். பாட்டி செத்ததை ஏன் ஒரு நாள் மறைத்தீர்கள் என்று உங்கள் வாயால் கேட்கவேண்டுமாம். அதைப்பற்றி எழுத உட்கார்ந்தால் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட்டால் நல்லது. அவள் மெல்லக் கேட்கமாட்டாள். என்னிடம் கத்தியதெல்லாம் ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பதிலை அவளிடம் சொல்லுங்கள்.

பாப்பாவின் அம்மா